முழங்கால் கிழிவதற்கு முந்திய நான்கு ஆண்டுகள்: கொட்டாஞ்சேனை உதைபந்தாட்ட வீரர் ஒருவர் பொறியியலாளரானது பற்றிய நிகழ்வு ஆய்வு

உதைபந்தாட்டக்காரர் ஒருவர் பொறியியலாளராகி இருக்கிறார் என்று சொன்னால் கேட்பவர் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "காலில் அடிபட்டுப் போச்சா?" அடிபட்டது உண்மை. 2015இல் ஒரு மெட்ச்சில் முழங்கால் தசைநார் கிழிந்து அவருடைய ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்த நாளில் அவர் நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. காயம் அவரைப் படிப்புக்குத் தள்ளியது என்ற கதையை அவரைச் சுற்றியிருப்பவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் அது அப்படியே சொல்லப்படுகிறது. அந்தக் கதை தவறு, அந்தத் தவறு ஆபத்தானது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொழில் வழிகாட்டல் வேலையில் இருப்பதால் கொழும்பு வடக்கின் பையன்கள் பலரோடு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. ஆடத் தெரிந்த பையனிடம் "பிறகு என்ன செய்வாய்?" என்று கேட்டால், "அது அப்ப பார்ப்போம் சேர்" என்பான். இந்த நிகழ்வின் முழுப் பாடமும் அந்த "அப்ப" என்ற நேரத்தைப் பற்றியது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் கழகங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

1989இல் பிறந்தவர். வீடு ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான சின்ன வீடுகளின் குடியிருப்பில். அப்பா துறைமுகத்தில் சுமை வேலை, அம்மா வீட்டில் தையல். சுகததாச விளையாட்டரங்கு நடந்து போகும் தூரம். பத்து வயதில் அங்கே வேலிக்கு வெளியே நின்று மெட்ச் பார்த்தவர், பதினைந்து வயதில் பாடசாலை அணியின் நடுப்பின்களத்தில் நின்றார். 1995இல் அதே அரங்கில் தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை இலங்கை 1-0 என்று வென்றதை அந்தத் தோட்டத்துப் பெரியவர்கள் நேற்று நடந்ததாகவே பேசுவார்களாம். பையனுக்கு ஆட்டம்தான் வாழ்க்கை என்று தோன்றியதில் வியப்பில்லை.

சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'பி', விஞ்ஞானத்துக்கு 'சி'. இந்த 'பி' இங்கே முக்கியமானது, பின்னால் வந்த எல்லாக் கதவுகளும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் திறந்தன. உயர் தரத்தில் கணிதப் பிரிவை எடுத்தார். மாலை மூன்றரைக்குப் பயிற்சி, அது முடிந்து வெள்ளவத்தை டியூட்டரிக்குப் போனால் வகுப்பு பாதி முடிந்திருக்கும். 2008இல் இணைந்த கணிதத்தில் 'எஸ்' (வெறும் சித்தி), பௌதிகவியலில் 'எஸ்', இரசாயனவியலில் சித்தியில்லை.

நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதி, உயர் தரப் பெறுபேறுகளைப் பாடங்களுக்கிடையே சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியின் படி நடக்கிறது. 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்திலிருந்து பொறியியலுக்குப் போகத் தேவையான வெட்டுப்புள்ளி நாட்டின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. இரண்டு 'எஸ்' எடுத்தவருக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வாசல் அத்தோடு மூடிக்கொண்டது. இரண்டாம் தடவை பரீட்சைக்கு இருக்கச் சொன்னார் அப்பா. அதற்குள் ஒரு கழகம் அழைத்துவிட்டது.

ஆட்டம், அதன் வருமானம்

தொழில்முறை ஆட்டம் என்றதும் ஐரோப்பாவை நினைக்கக் கூடாது. அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் இங்கே உயர்ந்த போட்டி சாம்பியன்ஸ் லீக் என்ற உள்நாட்டுப் போட்டிதான். மெட்ச்சுக்கு ஒரு தொகை, வென்றால் கொஞ்சம் கூட, பூட்ஸ் சிலவேளை கழகக் கணக்கில். இராணுவம், விமானப்படை, பொலிஸ் போன்ற அணிகளில் சேர்ந்தவர்களுக்கு அரச சம்பளம் இருந்தது. மற்றவர்கள் பகலில் ஏதாவது வேலை பார்க்க வேண்டும். முழுச் சம்பளத்தோடு ஆட வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். 1980களில் இலங்கை வீரர் பக்கீர் அலி பங்களாதேஷின் டாக்கா அபஹானி கழகத்துக்கு ஆடப் போனது போல, இவருடைய தலைமுறையில் பலர் மாலைதீவுக்குப் போனார்கள். இவரும் 2012இலிருந்து இரண்டு பருவங்கள் மாலேயில் ஒப்பந்தத்தில் ஆடினார். மாதச் சம்பளமும் தங்குமிடமும் இருந்தன. தன்னைத் தொழில்முறை வீரர் என்று அவர் சொல்வது அந்தக் காலத்தை வைத்துத்தான்.

உலகம் முழுவதும் நிலைமை இதைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. வீரர்களின் சர்வதேசச் சங்கமான ஃபிஃப்புரோ 2016இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் நடத்திய ஆய்வில், 45 சதவீதமானோர் மாதம் 1,000 டொலருக்கும் குறைவாகவே சம்பாதித்தார்கள். இங்கே சம்பளத்தோடு கூடிய லீக் என்று சுப்பர் லீக் 2021இல் 10 அணிகளோடு வந்தது. கொவிட் அதை இடையில் நிறுத்தியது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் ஆட்டத்தை மட்டும் நம்பியிருந்த இருபத்தைந்து வயதுப் பையன்களின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

துளைக்கும் இடத்தில் எழுதிய பூச்சியம்

2009இல் கழகத்தின் செயற்குழுவில் இருந்த ஒருவர், மண் பரிசோதனை செய்யும் நிறுவனமொன்றில் அவரைக் களத் தொழிலாளியாகச் சேர்த்துவிட்டார். பயிற்சி நாட்களில் நேரத்தோடு போகலாம் என்பது மட்டுமே அப்போதைய கவர்ச்சி. இந்த வேலைதான் முழுக் கதையின் அச்சாணி என்பது என் கணிப்பு. ஆகவே அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கட்டடமோ பாலமோ வருமுன் நிலத்தைத் துளைத்துப் பார்ப்பார்கள். முக்காலி போல நிறுத்திய சட்டத்தில் 63.5 கிலோகிராம் சம்மட்டி தொங்கும். அதை 760 மில்லிமீற்றர் உயர்த்தி விட்டால் கீழே உள்ள கம்பியின் தலையில் விழும், கம்பி மண்ணுக்குள் இறங்கும். கம்பியில் 150 மில்லிமீற்றருக்கு ஒன்றாக வெண்கட்டியால் மூன்று கோடு போட்டிருப்பார்கள். முதல் 150 இறங்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த இரண்டுக்கும் எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணி எழுத வேண்டும். அதுதான் மண்ணின் உறுதியைக் காட்டும் 'என்' பெறுமானம். எண்ணுவதும் எழுதுவதும் அவருடைய வேலை.

பேலியகொடைப் பக்கம் சதுப்பில் ஒரு நாள். கம்பியை நிறுத்தியதும், ஒரு அடியும் விழாமலே, தயிருக்குள் கரண்டி விட்டது போல அது தன் பாரத்தில் இறங்கியது. அவர் பூச்சியம் என்று எழுதினார். துளைக்கும் குழுவின் பெரியவர் எட்டிப் பார்த்து, "சைபர் போட்டா நம்ம மேல பழி வரும், சும்மா ரெண்டுன்னு போடு மகன்" என்றிருக்கிறார். அவர் மாற்றவில்லை. அன்று மாலை தாளைப் பார்த்த பொறியியலாளர் அவரைக் கூப்பிட்டு, "இதை நீங்களா எழுதினது?" என்று கேட்டார். பயந்துகொண்டே ஆமென்றார். அந்தப் பூச்சியத்தால் அத்திவாரத்தின் வகையே மாறும், கட்டடத்தின் செலவு மாறும், அதை மறைத்திருந்தால் சில வருடங்களில் சுவர் பிளக்கும் என்று அந்தப் பொறியியலாளர் மேசையில் படம் கீறி விளக்கினாராம். கீறிய தாளை அவர் வீட்டுக்குக் கொண்டு போனார்.

"அண்ணே, அதுக்கு முந்தி நான் கணக்கு படிச்சது பாஸ் பண்ண. அன்னைக்குத்தான் கணக்கு எதுக்குன்னு தெரிஞ்சிச்சு" என்று என்னிடம் சொன்னார்.

அந்தப் பொறியியலாளர்தான் நாவலவைப் பற்றியும் சொன்னவர். உயர் தரம் சரியாக வராதவர்களும் அடிப்படைநிலையிலிருந்து ஏறி, டிப்ளோமாவைத் தாண்டி, பொறியியல் பட்டம் வரை போகலாம் என்பதை இருபது வயது வரை யாருமே தனக்குச் சொன்னதில்லை என்கிறார் இவர். பாடசாலை சொல்லவில்லை, டியூட்டரி சொல்லவில்லை, கழகமும் சொல்லவில்லை. 1980இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கொட்டாஞ்சேனையிலிருந்து 176ஆம் இலக்கப் பஸ்ஸில் போகும் தூரத்தில்.

இரண்டையும் ஒன்றாகச் சுமந்த காலம்

2011இல் பதிந்தார். திறந்த பல்கலைக்கழகத்தின் பெரிய வசதி, ஒரு வருடத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். மாலேயில் ஆடிய இரண்டு பருவங்களிலும் மிகக் குறைவாகவே எடுத்தார், ஆனால் பதிவை விடவில்லை. ஒன்றரை மணிநேரப் பறப்பு என்பதால் பரீட்சைக்கு வந்து போக முடிந்தது. ஒப்பந்தம் எழுதும்போதே பரீட்சைத் திகதிகளைக் காட்டி விடுமுறை கேட்டிருக்கிறார். அங்கிருந்த முகாமையாளர் அதை விசித்திரமாகப் பார்த்தாலும் ஒத்துக்கொண்டார்.

கடினமான பகுதி வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் தொடர் மதிப்பீடுகளில் போதிய புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு இருக்கத் தகுதி கிடைக்கும். அங்கே படித்தவர்களுக்கு 'எலிஜிபிலிட்டி' என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆய்வுகூட வகுப்புகளைத் தவறவிடவே முடியாது, அவை பெரும்பாலும் வார இறுதியில் வரும். மெட்ச்சும் வார இறுதியில்தான் வரும்.

2014இல் ஒரு கிண்ணத்தின் அரையிறுதியும் கொங்கிரீட் ஆய்வுகூட வகுப்பும் ஒரே சனிக்கிழமை வந்தன. "படிக்கப் போறியா, ஆடப் போறியா? இப்பவே சொல்லு" என்றார் கோச். அவர் ஆய்வுகூடத்துக்குப் போனார். அணி தோற்றது. அடுத்த ஐந்து மெட்ச்களில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், மெட்ச் பணமும் போனது. தோட்டத்தில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த ஆய்வுக்காகப் பேசிய நேரங்களில் அவர் குரல் தழுதழுத்தது இந்த இடத்தில் மட்டும்தான், முழங்காலைப் பற்றிச் சொல்லும்போது அல்ல.

கோச்சைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்கு வெற்றிதான் சோறு. கழகத்தைக் குற்றம் சொல்வேன். வீரரின் பரீட்சை அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வைக்க ஒரு கொப்பி போதும்.

காயம்

2015, மழை பெய்து காய்ந்திருந்த மைதானம். யாரும் இடிக்கவில்லை. பந்தை எடுக்கத் திரும்பினார், பூட்ஸின் ஆணி மண்ணில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்ப, கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்கிறார். ஏ.சி.எல். தசைநார் முழுதாகக் கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் காத்திருந்தார். கழகம் முதல் மாதம் பழங்களோடு வந்து பார்த்தது, பிறகு வரவில்லை. தொடைப் பின்தசையின் நாரை எடுத்துப் பொருத்தினார்கள். மீண்டும் ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார் வைத்தியர். அவர் பிறகு ஆடவே இல்லை, பெரிதாக முயலவும் இல்லை.

கட்டிலில் கிடந்த மாதங்களில் அவர் செய்ததைத்தான் நான் வழிகாட்டல் வகுப்புகளில் அழுத்திச் சொல்கிறேன். புதிதாக எதையும் தொடங்கவில்லை. ஏற்கெனவே பாதியில் இருந்ததைக் கூட்டினார், அவ்வளவுதான். அந்த வருடம் இரண்டு மடங்கு பாடங்களுக்குப் பதிந்தார். அதே பருவத்தில் அதே காயம் பட்ட அவருடைய சக வீரர் ஒருவர், ஆட்டத்தில் இவரைவிடக் கெட்டிக்காரர், அப்போதுதான் "இனி என்ன?" என்று யோசிக்கத் தொடங்கினார். கடன், மருந்துச் செலவு, கல்யாண வயதில் தங்கச்சி எல்லாம் சேர்ந்து நெருக்கும் வேளையில் எட்டு வருடப் படிப்பைத் தொடங்க எவருக்கும் தெம்பு வராது. அவர் இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். உழைத்துச் சாப்பிடுகிறார், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் மன உறுதி என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருவர் காயத்துக்கு நான்கு வருடம் முன்பே பதிந்திருந்தார்.

2017 ஏப்ரல் 14

புத்தாண்டு நாளில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அப்போது அவர் சரிவுகளின் உறுதிநிலை பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தார். குப்பை மேலிருந்து மட்டும் விழவில்லை. கீழே இருந்த மென்மையான சதுப்பு மண் அத்தனை பாரத்தைத் தாங்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, வீடுகளைத் தூக்கிப் பிளந்தது. பேலியகொடையில் தான் பூச்சியம் எழுதிய அதே வகை மண். புளூமெண்டல் குப்பைமேட்டின் நாற்றத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது பாடப்புத்தக உதாரணமாக இருந்திருக்க முடியாது. கட்டமைப்புப் பொறியியல் பக்கம் போகலாம் என்றிருந்தவர் அந்த வருடத்தில்தான் மண்ணையே தன் துறையாக எடுப்பது என்று முடிவு செய்தார். 2019இல் பட்டம்.

வெளியில் சில ஒப்பீடுகள்

இப்படிப்பட்டவர்கள் உலகில் அரிது, ஆனால் இருக்கிறார்கள். அவர்களுடைய காலவரிசையைப் பார்த்தால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். சிலியின் மனுவேல் பெலெக்ரினி 1973இலிருந்து 1986 வரை யூனிவர்சிதாத் தெ சிலி அணிக்குப் பின்களத்தில் ஆடியவர். சிவில் பொறியியல் பட்டம் பெற்றது 1979இல், அதாவது ஆட்டத்தின் நடுவே. பின்னாளில் பயிற்றுநராகி 2014இல் மன்செஸ்டர் சிட்டிக்குப் பிரீமியர் லீக்கை வென்று கொடுத்தபோதும் 'பொறியியலாளர்' என்ற பட்டப்பெயர் கூடவே இருந்தது. டிரினிடாட்டின் கோல்காப்பாளர் ஷாக்கா ஹிஸ்லப் அமெரிக்காவின் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலை முடித்து, நாசாவில் பயிற்சியும் பெற்ற பிறகுதான் இங்கிலாந்துக் கழகங்களுக்கு வந்தார். 2006 உலகக் கிண்ணத்தில் சுவீடனை 0-0 என்று மறித்தவர் அவர்தான். வட அயர்லாந்து வீரர் இயன் டவி பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் என்ற விமான நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஆட்டத்துக்கு வந்தவர்.

மூவருமே பூட்ஸைக் கழற்றிய பிறகு படிக்கத் தொடங்கியவர்கள் அல்லர். நம்மவரும் அப்படித்தான்.

ஆட்டம் எதைக் கொடுத்தது

ஆட்டம் ஒழுக்கத்தையும் விடாமுயற்சியையும் கற்பித்து அவரை உயர்த்தியது என்று மேடையில் சொல்வார்கள். அவரே இதை ஏற்கவில்லை. ஆட்டம் உடம்பைக் களைக்க வைத்தது, இரவு படிக்கும்போது தூங்க வைத்தது, மாலைகளைப் பறித்தது. படிப்புக்கு அது தடையாகவே இருந்தது என்கிறார், நேர்மையாக.

ஆனால் ஒன்றைக் கொடுத்தது, அது சின்ன விஷயமே இல்லை. தமிழ் மொழிமூலத்தில் படித்த கொட்டாஞ்சேனைப் பையனுக்குச் சிங்களம் வந்தது உடைமாற்றும் அறையில்தான். கொம்பனித்தெருவின் முஸ்லிம் பையன்கள், களுத்துறை, நீர்கொழும்புப் பையன்கள் எல்லாருடனும் ஒன்றாகத் திட்டு வாங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுக் கற்ற சிங்களம். கட்டட வேலைத்தளத்தில் இன்று அவர் மேசன்மாரோடும் துளைக்கும் குழுவோடும் தயங்காமல் பேசுகிறார். நடுப்பின்களத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய பழக்கமும் உதவுகிறது. நிரப்பிய மண் 95 சதவீத இறுக்கத்துக்கு வரவில்லை என்றால், அடுத்த படையைக் கொட்டாதே என்று ஒப்பந்தக்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு குரல் வேண்டும்.

ஆங்கிலம்தான் கடைசிவரை படுத்திய பாடு. நாவலவில் பாடங்கள் ஆங்கிலத்தில். முதல் வருடத்தில் கணக்கு சரியாக வந்தும் கேள்வி விளங்காமல் புள்ளி இழந்திருக்கிறார். சக மாணவி ஒருவர் பஸ்ஸிலேயே பந்தி பந்தியாக வாசித்துத் தமிழில் விளக்கினார். அந்தச் சக மாணவி இப்போது அவருடைய மனைவி, இருவருமே நீர்ப்பாசனம், மண் என்று ஒரே மொழி பேசுகிறார்கள்.

தற்போதைய நிலை

2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது சீமெந்து விலை எகிறி, வேலைத்தளங்கள் வெறிச்சோடின. அவருடைய நிறுவனத்தில் சில மாதங்கள் அரைச் சம்பளம். கூடப் படித்தவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள். இவர் அப்பாவின் சுகவீனத்தால் நின்றுவிட்டார். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் பதிந்திருக்கிறார். பட்டயப் பொறியியலாளராவதற்கான மதிப்பாய்வுக்கு இப்போது ஆவணம் தயாரிக்கிறார். சதுப்பு நிலத்தில் வீதி அணை கட்டுவதற்கு முன் மேலதிக மண்பாரம் ஏற்றி நிலத்தை அமரவைத்த ஒரு வேலையை அதில் விவரிக்கிறார். அமர்ந்த அளவை மாதாமாதம் குறித்த வரைபடத்தை என்னிடம் காட்டினார், முதல் ஆறு மாதங்களின் வளைவை விரலால் தொட்டுத் தொட்டு.

பழைய கழகத்திலிருந்து மூன்று பையன்களை அவர் தன்னோடு சேர்த்துக்கொண்டார். மூவரும் உயர் தரத்தில் சித்தியடையாதவர்கள், மூவரும் ஆட்டக்காரர்கள். களத்தில் ஏற்கெனவே கற்ற வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறைக்கு அவர்களை அனுப்பினார். ஒருவன் நான்காம் மட்டத்தை முடித்து டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். இன்னொருவன் கட்டாருக்குப் போய்விட்டான். மூன்றாமவனுக்குச் சாதாரண தரக் கணிதம் இல்லை. அதற்காக ஞாயிறு காலைகளில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே வகுப்பு நடக்கிறது. மெட்ச் உள்ள ஞாயிறுகளில் வகுப்பு ஆறு மணிக்கே தொடங்கும். எந்தெந்த ஞாயிறு மெட்ச் என்ற அட்டவணையைப் பருவம் தொடங்குமுன்பே கழகத்திடம் அவர் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்.